நின்றுபோன நான்கு நாட்டுப் பந்தயம்

சுதந்திர ராஜ்யம் இல்லாத ஒரு நாட்டுக்கு உலக அரங்கில் தனிப் பெயரும் தனி ஸ்தானமும் இருக்க முடியுமா? ராஜதந்திர மண்டபங்களில் முடியாது. ஐக்கிய நாடுகள் சபையில் ஸ்காட்லாந்துக்கு நாற்காலி கிடையாது. வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் கிடையாது. கால்பந்து மைதானத்தில் மாத்திரம் அந்த மூன்று நாடுகளும் இங்கிலாந்துக்குச் சமதையான தேசங்களாக எதிர்நின்று ஆடுகின்றன. இந்த விசித்திரம் தானாக நேர்ந்ததன்று. 1884 முதல் 1984 வரையில், இரண்டு மகா யுத்தங்களின் காலம் நீங்கலாக, இந்த நான்கு நாடுகளும் தங்களுக்குள் வருஷந்தோறும் நடத்திவந்த ஒரு பந்தயம் அதை நிலைநாட்டியது. உலகத்தில் தேசங்களுக்கிடையே நடந்த கால்பந்துப் பந்தயங்களில் அதுவே மிகவும் பழமையானது. சரியாக நூறு வருஷம் நடந்து, பிறகு நிறுத்தப்பட்டது.

அதை மீண்டும் நடத்த வேண்டும் என்ற பேச்சு அது நின்ற நாள் தொட்டு ஓயவில்லை. 2028-ல் ஐரோப்பியக் கோப்பைப் பந்தயம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடப்பதென்று முடிவாகியிருப்பதால், அந்தப் பேச்சைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பதற்கு இது தகுந்த சமயம். பந்தயம் மீண்டும் நடக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அதை எழுப்ப முயன்றவர்கள் இதுவரை கைக்கொண்ட முறை நமக்குச் சம்மதமன்று. பெயரை எடுத்துக்கொண்டு முறையைக் கைவிட்டால் பந்தயம் பிழைக்காது என்பதை 2011-ல் கண்கூடாகப் பார்த்தாயிற்று. அதைப் பின்னால் சொல்லுவோம்.

முதலில் பூர்வோத்தரம். 1872 நவம்பர் 30-ந் தேதி கிளாஸ்கோ நகரத்தில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்தித்தன. வேடிக்கை பார்க்கச் சுமார் 4,000 ஜனங்கள் கூடியிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் பதினொரு ஆட்டக்காரர்களும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இரு தரப்பிலும் ஒரு கோல்கூட விழவில்லை. தேசத்தோடு தேசம் ஆடிய முதற் கால்பந்தாட்டம் என்று சரித்திரம் ஒப்புக்கொண்டிருப்பது இந்தக் கோலில்லாத ஆட்டத்தைத்தான். பிறகு வேல்ஸ் வந்தது, அயர்லாந்து வந்தது. ஆனால் நாட்டுக்கு நாடு விதிகள் வேறாக இருந்தன. எல்லைக் கோட்டுக்கு வெளியே போன பந்தை எப்படி உள்ளே எறிவது, கோல் கம்பங்களின் மேலே நாடா கட்டுவதா குறுக்குக் கட்டை வைப்பதா என்பன போன்ற விஷயங்களில்கூடத் தகராறு. 1882 டிசம்பரில் நான்கு நாட்டுச் சங்கங்களின் பிரதிநிதிகளும் மான்செஸ்டர் நகரத்தில் கூடி விதிகளை ஒன்றாக்கினார்கள்.

அந்த ஒரு கூட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன என்று சொல்லலாம். 1884-ல் தொடங்கிய நான்கு நாட்டுப் பந்தயம் மூத்த பிள்ளை. 1886-ல் ஏற்பட்ட சர்வதேச விதி வாரியம் இளைய பிள்ளை. மூத்தது மாண்டுவிட்டது. இளையதோ இன்றைக்கும் உயிரோடிருந்து, சென்னையில் தெருவோரம் ஆடும் சிறுவர் முதல் பிரேஜில் தேசத்துச் சாம்பியன்கள் வரை எல்லோருக்கும் கால்பந்து விதிகளை வகுத்து வருகிறது. அந்த வாரியத்தில் மொத்தம் எட்டு வோட்டுகள். அவற்றில் நான்கு, பிரிட்டிஷ் நாடுகள் நான்குக்கும் தலைக்கு ஒன்று. எஞ்சிய நான்கு, மற்ற உலகம் முழுவதற்குமாகச் சர்வதேசச் சம்மேளனத்துக்கு. ஆறு வோட்டில்லாமல் ஒரு விதியையும் மாற்ற முடியாது. வேல்ஸுக்கு இருக்கும் தனி வோட்டு பிரேஜிலுக்கு இல்லை என்றால், பழைய பாத்தியதை எவ்வளவு பலமானது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பந்தயத்தினால் சிறிய நாடுகள் அடைந்த பலன் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு அயர்லாந்தின் கதை ஒன்றே போதும். 1882 பிப்ரவரியில் பெல்பாஸ்ட் நகரில் அயர்லாந்து முதன்முதலாக இங்கிலாந்தை எதிர்த்து ஆடியது. இங்கிலாந்து போட்ட கோல் 13. அயர்லாந்து போட்டது பூஜ்யம். இப்படிப்பட்ட தோல்வியைக் கண்டவர்கள் இந்தக் காலமாக இருந்தால், ‘இவர்கள் நமக்குச் சமமில்லாதவர்கள், இவர்களோடு ஆடிப் பிரயோஜனமில்லை’ என்று தீர்மானம் செய்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் செய்யவில்லை. மறு வருஷமும் ஆடினார்கள், அதற்கு மறு வருஷமும் ஆடினார்கள். தோற்றவன் தோற்ற இடத்திலேயே பாடம் கற்றான். 1913-ல் அயர்லாந்து முதன்முதலாக இங்கிலாந்தை வென்றது. 1914-ல் இங்கிலாந்தின் சொந்த மண்ணில், மிடில்ஸ்பரோ நகரில், 3 கோலுக்குப் பூஜ்யம் என்று ஜயித்து, அந்த வருஷத்துப் பந்தயத்தையே தனியாகக் கைப்பற்றியது. பதின்மூன்று கோல் வாங்கியவன் சாம்பியனாவதற்கு முப்பத்திரண்டு வருஷம் பிடித்தது. அந்த முப்பத்திரண்டு வருஷமும் பெரிய அண்ணன் தவறாமல் எதிரே வந்து நின்றதால்தான் இது சாத்தியமாயிற்று.

பிறகு அந்தத் தீவு இரண்டாகத் துண்டிக்கப்பட்டது. பெல்பாஸ்டில் இருந்த பழைய அயர்லாந்துச் சங்கத்துக்குப் போட்டியாக 1921-ல் டப்ளினில் வேறொரு சங்கம் ஏற்பட்டது. ஆனாலும் பெல்பாஸ்டுக்காரர்கள் 1950 வரையில் எல்லைக்கு இரு புறத்திலிருந்தும் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ‘அயர்லாந்து’ என்ற பெயரிலேயே இந்தப் பந்தயத்தில் ஆடிவந்தார்கள். ராஜ்யத்தை வெட்டிய கத்தி பந்தை வெட்டுவதற்கு இன்னும் முப்பது வருஷம் தேவைப்பட்டது.

ஜனங்களுக்கு இந்தப் பந்தயத்தில் இருந்த மோகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பத்தி போதாது. 1902 ஏப்ரலில் கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும்போது ஜனத்திரளின் பாரம் தாங்காமல் ஐப்ராக்ஸ் மைதானத்தின் மரப் பரண் சரிந்து 25 பேர் மாண்டார்கள். 1937 ஏப்ரலில் அதே நகரத்து ஹாம்டன் பார்க்கில் அவ்விரு நாடுகளின் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கி நுழைந்தவர்கள் 149,415 பேர். ஐரோப்பாவில் எந்தத் தேசிய ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. 1966-ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்தை அதன்பின் முதன்முதலாகத் தோற்கடித்த கோஷ்டி எது? 1967 ஏப்ரலில், லண்டன் வெம்பிளி மைதானத்திலேயே, இந்தப் பந்தயத்தில், ஸ்காட்லாந்துதான். ‘உலக சாம்பியனை வென்றவன் உலக சாம்பியன்’ என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் பேசி மகிழ்கிறார்கள். தர்க்க சாஸ்திரம் இதை ஒப்புக்கொள்ளாது. ரசிகனுக்குத் தர்க்க சாஸ்திரம் எதற்கு?

மானத்தைப் பற்றிய ஒரு சம்பவத்தையும் இங்கே சொல்லவேண்டும். 1950 உலகக் கோப்பைக்கு இந்தப் பந்தயத்தையே தகுதிப் பரீட்சையாக வைத்து, முதல் இரண்டு ஸ்தானம் பெறுகிறவர்கள் பிரேஜிலுக்குப் போகலாம் என்று சர்வதேசச் சம்மேளனம் சொல்லியது. ஸ்காட்லாந்துச் சங்கத்தாரோ, ‘நான்கு நாடுகளின் சாம்பியனாக இருந்தால் போவோம், இல்லாவிட்டால் வேண்டாம்’ என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்து 1 கோலுக்குப் பூஜ்யம் என்று ஹாம்டன் பார்க்கில் ஜயித்தது. இரண்டாம் ஸ்தானம் கையில் இருந்தும் ஸ்காட்லாந்து பிரேஜிலுக்குப் போக மறுத்துவிட்டது. இதை வீண் பிடிவாதம் என்று பலர் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் உலகக் கோப்பையைவிட இந்த வீட்டுப் பந்தயத்தை ஒரு தேசம் பெரிதாக மதித்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்தப் பிடிவாதத்தைத் தவிர வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பிரேஜிலுக்குப் போன இங்கிலாந்து அங்கே அமெரிக்காவிடம் தோற்றது வேறு விஷயம்.

சிறிய நாடுகள் என்றுமே சிறியவையாக இருந்துவிடவில்லை. 1958-ல் சுவீடனில் நடந்த உலகக் கோப்பைக்கு நான்கு நாடுகளும் போயின. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதற் சுற்றோடு வீடு திரும்பின. வேல்ஸும் வட அயர்லாந்தும் காலிறுதி வரையில் போயின. 1980-ல் வேல்ஸ் ரெக்ஸாம் நகரில் இங்கிலாந்தை 4 கோலுக்கு 1 என்று முறியடித்தது. அதே வருஷம் வட அயர்லாந்து 1914-க்குப் பிறகு முதன்முறையாகத் தனிச் சாம்பியனாயிற்று. நூறு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இங்கிலாந்து தனியாகவும் பங்கு போட்டும் 54 முறை முதலிடம் பெற்றிருக்கிறது, ஸ்காட்லாந்து 41 முறை, வேல்ஸ் 12, அயர்லாந்து 8. பங்கு போடுவது என்றால் என்ன என்று கேட்கலாம். ஜயத்துக்கு இரண்டு பாயிண்டு, சமத்துக்கு ஒன்று. பாயிண்டுகள் சமமானால் பட்டத்தையும் சமமாகப் பகிர்ந்துகொள்வது என்பது பழைய விதி. 1956-ல் நான்கு நாடுகளும் தலைக்கு மூன்று பாயிண்டு பெற்று, நான்குமே சாம்பியன்கள் என்று முடிந்தது. கோல் வித்தியாசத்தைக் கணக்கிடும் வழக்கம் 1979-ல் வந்தது. நமக்கென்னவோ பழைய விதிதான் அழகாகப் படுகிறது.

இவ்வளவு சிறப்பான பந்தயம் ஏன் நின்றது? நோய் கொஞ்சம் கொஞ்சமாகவே வந்தது. ஆதியில் இந்த ஆட்டங்கள் பருவம் முழுவதும் பரவலாக நடந்துவந்தன. இலையுதிர் காலத்தில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று, வசந்தத்தில் ஒன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி எதிர்பார்ப்பு இருந்தது. 1969-ல் இதை மாற்றி, சங்கப் பந்தயங்கள் எல்லாம் முடிந்தபிறகு மே மாதத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் ஆறு ஆட்டங்களையும் அடுக்கி முடித்துவிடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். சௌகரியத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் பந்தயத்தின் முதல் வியாதி என்பது நம் கட்சி. பருவம் முழுவதும் ஓடிக் களைத்த கால்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை சீட்டு வாங்கவேண்டிய ரசிகர்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றவனுக்கு மூன்றாவதில் அக்கறையில்லை.

இரண்டாவது வியாதி வட அயர்லாந்தின் உள்நாட்டுக் கலகம். 1972 முதல் சில வருஷங்கள் வட அயர்லாந்து தன் சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டங்களை அயலூர்களில் ஆட நேர்ந்தது. 1981-ல் சிறையில் உண்ணாவிரதமிருந்தவர்கள் மாண்டு பெல்பாஸ்ட் கொந்தளித்தபோது, இங்கிலாந்தும் வேல்ஸும் அங்கே போக மறுத்தன. அந்த வருஷம் பந்தயம் முடிவு பெறவில்லை, சாம்பியனும் இல்லை. யுத்த காலம் தவிர, அப்படி நேர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவதாக முரட்டு ரசிகர்களின் தொல்லை. 1977-ல் வெம்பிளியில் ஸ்காட்லாந்து ஜயித்தவுடன் அதன் ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள் புகுந்து, கோல் கம்பத்தை ஒடித்து, புல்தரையைப் பெயர்த்து வீட்டுக்கு ஞாபகார்த்தமாக எடுத்துச் சென்றார்கள்.

1983-ல் இங்கிலாந்துச் சங்கம் முடிவை அறிவித்தது: அடுத்த பருவத்தோடு விலகிக்கொள்வதாக. ஸ்காட்லாந்தும் பின்தொடர்ந்தது. நாட்காட்டியில் இடமில்லை, கலகம் மிகுதி, வேல்ஸையும் வட அயர்லாந்தையும் பார்க்கக் கூட்டம் வருவதில்லை, பலமான அயல்தேசங்களோடு ஆடினால் நல்ல பயிற்சி கிடைக்கும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதன்பின் அந்த இரண்டு சங்கங்களும் செய்த காரியத்தைக் கவனித்தால் காரணங்களின் நிறம் வெளுத்துவிடுகிறது. 1985 முதல் ரௌஸ் கோப்பை என்ற பெயரால் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தங்களுக்குள் வருஷாந்தர ஆட்டத்தை வைத்துக்கொண்டன. 1987 முதல் தென் அமெரிக்க தேசம் ஒன்றையும் விருந்தாளியாக அழைத்தன. நாட்காட்டியில் இடமில்லை என்றவர்களுக்கு இதற்கு இடம் கிடைத்தது எப்படி? கலகம் என்றார்களே, பெருங்கலகம் நடந்தது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்டத்தில் அல்லவா? கலகம் நடந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, அமைதியாக நடந்த ஆட்டங்களைக் கைவிட்டார்கள். வசூல் தரும் பசுவைக் கட்டிக்கொண்டு கன்றுகளை அவிழ்த்து விட்டார்கள். அந்த ரௌஸ் கோப்பையும் 1989-ல் முடிந்தது.

நூறாவது ஆண்டின் கடைசிப் பந்தயம் எப்படி முடிந்தது என்பதைக் கேட்டால் நேயர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1984 மே 26-ந் தேதி ஹாம்டன் பார்க்கில் கடைசி ஆட்டம். இங்கிலாந்து ஜயித்தால் பட்டம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து ஜயித்தால் ஸ்காட்லாந்துக்கு. ஆட்டம் 1-க்கு 1 என்று சமமாயிற்று. மறுபடியும் நான்கு நாடுகளும் தலைக்கு மூன்று பாயிண்டு! ஆனால் இப்போது கோல் வித்தியாசம் பார்க்கும் காலம். போட்ட கோல் மூன்று, வாங்கிய கோல் இரண்டு என்று ஒரே ஒரு கோல் மிகுதியாக வைத்திருந்த வட அயர்லாந்து சாம்பியனாயிற்று. கூட்டம் வராது என்று காரணம் சொல்லி ஒதுக்கப்பட்ட நாடு கடைசிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வீடு சென்றது. வேல்ஸ் இரண்டாவது. விலகிக்கொண்ட இருவரும் மூன்றாவதும் நான்காவதும்.

பிறகு நடந்தது என்ன? 1987-க்குப் பிறகு இங்கிலாந்தும் வட அயர்லாந்தும் மறுபடி சந்திக்கப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. 2005-ல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் சீட்டு விழுந்ததால் சந்தித்தார்கள். பெல்பாஸ்டில் வட அயர்லாந்து 1 கோலில் ஜயித்தது. அதன்பின் இருபது வருஷம் கடந்தும் இன்னொரு சந்திப்பு நேரவில்லை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்துமேகூட 1999-லிருந்து 2013 வரை பதினான்கு வருஷம் எதிர்நின்று ஆடவில்லை. கிளாஸ்கோவுக்கும் லண்டனுக்கும் நடுவே ரயிலில் ஐந்து மணி நேரம்கூடப் பிடிக்காது.

2011-ல் ஒரு முயற்சி நடந்தது. இங்கிலாந்து சேரவில்லை. அயர்லாந்துக் குடியரசு, வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து ‘நேஷன்ஸ் கப்’ என்று தொடங்கின. பிப்ரவரியில் இரண்டு ஆட்டம், மே மாதத்தில் நான்கு ஆட்டம், ஆறும் டப்ளின் நகரத்துப் புது மைதானத்தில். குடியரசுக் கோஷ்டி கடைசி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை 1 கோலுக்குப் பூஜ்யம் என்று ஜயித்துக் கோப்பையைப் பெற்றது. ஆனால் பார்க்க வந்தவர்கள் யார்? டப்ளினில் வேல்ஸும் வட அயர்லாந்தும் ஆடினால் டப்ளின்வாசிக்கு என்ன கவலை? ஐம்பதினாயிரம் பேர் உட்காரும் அந்த மைதானத்தில் அந்த ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. வட அயர்லாந்து ரசிகர்களில் பெரும்பாலோர் காவல் ஏற்பாடுகளை ஆட்சேபித்து வராமலே நின்றுவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்று சொன்ன பந்தயம் 2013-ல் நடக்கவில்லை.

இந்தத் தோல்வியைச் சுட்டிக்காட்டி, ‘பார்த்தீர்களா, ஜனங்களுக்கு விருப்பமில்லை’ என்பது கால்பந்து நிர்வாகிகளுக்கு வழக்கமாகிவிட்டது. நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு. பழைய பந்தயத்தின் உயிர்நிலை, அயலான் நம் ஊருக்கு வருவதும் நாம் அயலான் ஊருக்குப் போவதுமாகிய போக்குவரத்தில் இருந்தது. ரெக்ஸாமிலும் பெல்பாஸ்டிலும் பெரிய அண்ணன் வந்து இறங்குகிற நாள்தான் திருவிழா. அதை ஒரே நகரத்தில் கூடாரம் போட்டு நடத்தினால் பந்தயமாகாது, கண்காட்சியாகும்.

நாட்காட்டியில் இடமில்லை என்ற வாதத்துக்கு வருவோம். ஐரோப்பியத் தகுதி ஆட்டங்கள், 2018-ல் தொடங்கிய நேஷன்ஸ் லீக், 48 தேசங்களுக்கு விரிந்துவிட்ட உலகக் கோப்பை என்று நாட்கள் நெருக்கடியாகிவிட்டது வாஸ்தவம். சங்கங்களில் ஆடும் வீரர்கள் ஓய்வின்றி இளைக்கிறார்கள் என்பதும் வாஸ்தவம். இதற்குமேல் ஒரு வாரப் பந்தயத்தைச் சுமத்தினால் அது அக்கிரமம். ஆனால் தகுதிப் பிரிவில் ஐந்து நாடுகள் இருக்கும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் சில நாட்கள் சும்மா கிடக்கின்றன; அந்நாட்களில் எங்கேயாவது ஒரு நட்பு ஆட்டத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவ்விதம் 2023 செப்டம்பரில், முதல் ஆட்டத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு என்று சொல்லி, இங்கிலாந்து கிளாஸ்கோவுக்குப் போய் 3-க்கு 1 என்று ஜயித்தது. 2024 மார்ச்சில் வட அயர்லாந்து அதே கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தை 1 கோலில் வீழ்த்தியது. 2025 அக்டோபரில் வேல்ஸ் வெம்பிளிக்குச் சென்று இங்கிலாந்திடம் 3 கோலில் தோற்றது.

இதைக் கூட்டிப் பாருங்கள். நான்கு நாட்டுப் பந்தயத்துக்கு வேண்டியவை மொத்தம் ஆறு ஆட்டங்கள். அவற்றில் மூன்று, சுமார் இரண்டு வருஷத்துக்குள், ஒருவரும் திட்டமிடாமல், ஒருவருக்கும் கூடுதல் சிரமமில்லாமல், தாமாகவே நடந்து முடிந்துவிட்டன! எஞ்சிய மூன்றையும் அவ்வாறே சும்மா கிடக்கும் நாட்களில் பொருத்தியிருந்தால் பந்தயம் பூர்த்தியாகியிருக்கும். குறைவு எது? அந்த ஆட்டங்களையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதென்ற ஒப்பந்தம் ஒன்றுதான். 1969-க்கு முன்பு இருந்த முறை இதுவே. இரண்டு வருஷத்துக்கு ஒரு பந்தயம். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றே ஆட்டம். அவற்றை எங்கும் குவிக்காமல், இடம் கிடைத்தபோது ஒவ்வொன்றாக, அவரவர் ஊரில் ஆடுவது. யாராவது ஒரு நாடு தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டங்களில் சிக்கிக்கொண்டால் அந்த ஆட்டம் அடுத்த வாய்ப்புக்குத் தள்ளிப்போகட்டும். யுத்தத்துக்காக ஏழு வருஷம் காத்திருந்த பந்தயம் ஆறு மாதம் காத்திருக்காதா?

‘சமமில்லாதவர்களோடு ஆடுவது வீண்’ என்ற ஆட்சேபணைக்கு அதே நாடுகளின் இன்னொரு விளையாட்டு பதில் சொல்லுகிறது. ரக்பி பந்தாட்டத்திலும் இதே நான்கு நாடுகள் 1883-ல் பந்தயம் தொடங்கின. அதை அவர்கள் கைவிடவில்லை. பிரான்ஸையும், 2000-ல் இத்தாலியையும் சேர்த்து ஆறு நாட்டுப் பந்தயமாக விரித்தார்கள். அயர்லாந்து அங்கே எல்லைக்கு இரு புறமும் சேர்ந்து ஒரே கோஷ்டியாக ஆடுகிறது. இத்தாலி அதில் தொடர்ச்சியாக 36 ஆட்டங்கள் தோற்றது, ‘வெளியே தள்ளுங்கள்’ என்று கூச்சலும் எழுந்தது, தள்ளவில்லை. 2022 மார்ச்சில் கார்டிப் நகரில் வேல்ஸை 22-க்கு 21 என்று இத்தாலி ஜயித்தபோது, ஆட்டம் முடிந்ததும் இத்தாலிய வீரர்கள் தேம்பி அழுதார்கள். பெல்பாஸ்டில் 13 கோல் வாங்கியவர்களின் வம்ச சரித்திரமே வேறொரு விளையாட்டில் மறுபடி நடந்தது போலிருந்தது.

நின்றுபோன பந்தயத்தை எழுப்ப முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பால்டிக் கடற்கரையையும் பார்க்கலாம். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற மூன்று சிறிய நாடுகள் 1928-ல் தொடங்கிய பால்டிக் கோப்பை, 1940-ல் சோவியத் ராஜ்யம் அவற்றை விழுங்கியபோது நின்றது. 1991-ல் அந்த நாடுகள் விடுதலையடையும் வேளையிலேயே அந்தக் கோப்பையையும் மீண்டும் எடுத்தார்கள். ஐம்பது வருஷ இடைவெளி ஒரு தடையாக இல்லை. இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. பின்லாந்து, ஐஸ்லாந்து போன்றவையும் விருந்தாளிகளாக வந்து ஆடியிருக்கின்றன. பெரிய அண்ணன் ஒருவரும் இல்லாமலே அது நடக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

வேறொரு பயம் உண்டு. அது நியாயமான பயம். நான்கு நாடுகளும் நெருங்கிப் பழகினால், ‘ஒரே ராஜ்யத்துக்கு நான்கு கோஷ்டி எதற்கு, ஒன்றாக்கிவிடுங்கள்’ என்று உலகச் சம்மேளனத்தில் சிலர் கிளம்பிவிடுவார்களோ என்பதே அது. 2012 லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஒரே பிரிட்டிஷ் கோஷ்டி அமைத்தபோது ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துச் சங்கங்கள் மூன்றும் இந்தப் பயத்தினாலேயே எதிர்த்தன. ஆடவர் கோஷ்டியில் இங்கிலாந்தினரும் வேல்ஸ் நாட்டினரும் மட்டுமே இருந்தார்கள். ஆனால் நான்கு நாட்டுப் பந்தயம் இந்தப் பயத்துக்கு மருந்தாகுமே தவிர நோயாகாது. வேல்ஸ் என்ற தேசம் இங்கிலாந்து என்ற தேசத்தை எதிர்த்து ஆடுகிறது என்பதை வருஷாவருஷம் உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டும் ஒன்று என்று சொல்ல எவனுக்கு நா எழும்? ஆடாமலிருந்தால்தான் ஜனங்கள் மறந்துபோவார்கள்.

அயர்லாந்துக் குடியரசைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது கடினமான கேள்வி. 2028 ஐரோப்பியப் பந்தயத்தை அவர்களும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். அவர்கள் வர விரும்பினால் வாசலை அடைக்கக் கூடாது. ஆனால் ‘பிரிட்டிஷ்’ என்ற அடைமொழியை மாட்டி அழைத்தால் டப்ளின்காரர் எவரும் வரமாட்டார்; வரவும் கூடாது. ஐந்து நாடானால் ஆறு ஆட்டம் பத்தாகிவிடும் என்ற சிரமமும் இருக்கிறது. தொடக்கத்தில் நான்கோடு நடத்தி, பெயரில் எந்தச் சாம்ராஜ்ய வாடையும் இல்லாமல் பார்த்துக்கொள்வது உசிதம்.

யார் முதலில் வாய் திறப்பது? இங்கிலாந்து அழைக்கும் என்று காத்திருப்பது பயனற்றது. பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களுக்காக இதே நாடுகள் நடத்திவந்த விக்டரி ஷீல்டு பந்தயத்திலிருந்துகூட இங்கிலாந்து 2015-ல் விலகிவிட்டது. ஆனால் விதி வாரியத்தின் கூட்டத்துக்கு நான்கு சங்கங்களின் தலைவர்களும் வருஷந்தோறும் தவறாமல் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். அங்கே பெல்பாஸ்ட் பிரதிநிதி எழுந்து கேட்கலாம். கேட்க அவருக்கு ஒரு தனிப் பாத்தியதையும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-ல் இந்தப் பந்தயத்துக்குச் செய்த வெள்ளிக் கோப்பை, கடைசிச் சாம்பியன் என்ற முறையில், 1984 முதல் அவருடைய சங்கத்தின் வசமே இருக்கிறது. மற்ற மூவரும் அதை வேண்டுமென்று விரும்பினால் அதற்காக ஆடித்தான் தீரவேண்டும். முதல் ஆட்டத்தைப் பெல்பாஸ்டில் வைத்துக்கொள்வது என்று அவர் நிபந்தனை போட்டால் அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.